கணீரென்று ஒரு கம்பி: மின்கிதாரின் மணிநாதம் பிறந்த கதை

வெளி மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் வீணை இருக்கிறதோ இல்லையோ, கிதார் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை முதலில் மரக்கிதார் கேட்கும். இரண்டு வருஷம் கழித்து மின்கிதார் கேட்கும். அப்போதுதான் வீட்டில் பேச்சு கிளம்புகிறது. "அது ஒரே இரைச்சல்டா, பக்கத்து ஃப்ளாட்டுக்காரன் சண்டைக்கு வருவான்" என்று தாத்தா சொல்வார். மின்கிதார் என்றாலே இரைச்சல் என்பது நம்மில் பலருடைய எண்ணம்.

ஆனால் அந்தக் கருவிக்கு இன்னொரு குரல் உண்டு. கோயில் மணியைத் தட்டியதுபோல் கணீரென்று எழுந்து, மெல்ல மெல்லக் கரையும் குரல் அது. அதற்காக ஒரு தலைமுறையே பாடுபட்டிருக்கிறது. அந்த நாதம் எப்படி உண்டானது, யார் யார் கைபட்டது, இதில் நம்முடைய பங்கு ஏதாவது உண்டா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மூன்றாவது கேள்வி முக்கியமானது. "அதெல்லாம் நம்ம தம்பூராவிலிருந்து போனதுதான் சார்" என்று அடித்துச் சொல்பவர்கள் நம் கூட்டங்களில் உண்டு. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. உண்மையா என்பதை ஆண்டுகளை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

கணீர் என்றால் என்ன?

மண்பானையைத் தட்டினால் 'டொப்' என்கிறது. வெண்கல மணியைத் தட்டினால் 'கணீர்' என்கிறது. வித்தியாசம் எங்கே? கிதாரின் ஐந்தாம் கம்பியை மீட்டினால் வினாடிக்கு 110 அதிர்வுகள் எழுகின்றன. ஆனால் கம்பி அதோடு நிற்பதில்லை. 220, 330, 440, 550 என்று அதன் மடங்குகளாக மேலொலிகளும் கூடவே எழுகின்றன. கீழே உள்ள ஒலி மட்டும் தூக்கலாக இருந்தால் குரல் மந்தமாகிவிடும். மேலொலிகள் தாராளமாக இருந்தால் குரல் பளிச்சென்று இருக்கும்.

வெறுமனே மேலொலியைக் கூட்டினால் போதுமா? போதாது. ஆம்ப்ளிஃபயரில் 'ட்ரெபிள்' திருகை முழுவதும் திருகினால் மணி கேட்காது, கீச்சுக்குரல்தான் கேட்கும். மணிநாதத்துக்கு மூன்று வேண்டும்: தொடக்கம் கூர்மையாக இருக்கணும், மேலொலிகள் அளவாகச் சேரணும், ஒலி சட்டென்று சாகாமல் நீளணும். இந்த மூன்றும் ஒரே நாளில், ஒரே ஆளிடம் வந்து சேரவில்லை.

ஹவாய்த் தீவிலிருந்து ஒரு தாளிக்கும் கரண்டி

கதை ராக் இசையில் தொடங்கவில்லை. ஹவாய்த் தீவில் தொடங்குகிறது. கிதாரை மடியில் படுக்கவைத்து, இரும்புத் துண்டால் கம்பியை வருடி வாசிக்கும் முறை அங்கே பிறந்தது. 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் ஹவாய் இசைப் பித்துப் பிடித்தது. ஆனால் பெரிய கச்சேரிகளில் கிதாரின் சத்தம் எடுபடவில்லை. ட்ரம்பெட்டும் முரசும் முழங்கும் இடத்தில் பாவம், அது என்ன செய்யும்?

லாஸ் ஏஞ்சல்ஸில் ஜார்ஜ் பீச்சம் என்ற ஹவாயன் கிதார்க் கலைஞரும், சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்ற தொழில் வல்லுநரும் இதற்கு வழி தேடினார்கள். 1931-ல் உருவாகி 1932-ல் விற்பனைக்கு வந்த அவர்களுடைய கருவி முழுக்க அலுமினிய வார்ப்பு. வட்டமான சிறிய உடல், நீண்ட கழுத்து. அமெரிக்கர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'ஃப்ரையிங் பேன்', அதாவது வாணலி. நம்ம பெண்கள் பார்த்திருந்தால் தாளிக்கும் கரண்டி என்றே சொல்லியிருப்பார்கள்!

அதன் ரகசியம் 'பிக்கப்' என்ற உறுப்பில் இருந்தது. கம்பிகளைச் சுற்றி இரண்டு லாடக் காந்தங்கள். கீழே செப்புக்கம்பிச் சுருள். காந்தப்புலத்தில் எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் எழும். அந்த மின்சாரத்தைப் பெருக்கினால் ஒலி. மரப்பெட்டி எதிரொலிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. காப்புரிமைக்கு 1934-ல் விண்ணப்பித்தார்கள். அது கைக்கு வந்தது 1937-ல்.

கிதார் வாசிக்கத் தெரியாத கிதார்க்காரர்

அடுத்த அடியை எடுத்துவைத்தவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது! ஆனால் கேட்கத் தெரியும். வாசிப்பவர்களைக் கூப்பிட்டு, "என்ன குறை, சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டே கருவியைத் திருத்தினார்.

1950-ல் அவர் கொண்டுவந்த கிதார் ஒரு கெட்டி மரப்பலகை, அவ்வளவுதான். முதலில் 'பிராட்காஸ்டர்' என்று பெயர். அதே உச்சரிப்புள்ள பெயரில் முரசு விற்றுவந்த கிரெட்ச் நிறுவனம் ஆட்சேபிக்கவே, 1951-ல் 'டெலிகாஸ்டர்' ஆயிற்று. கம்பிகள் ஏறி உட்காரும் குதிரைக்கு மிக அருகில், ஓர் எஃகுத் தகட்டில், சாய்வாக ஒரு பிக்கப்பைப் பொருத்தினார். அந்த இடம்தான் முக்கியம்.

ஏன் என்று கொஞ்சம் பார்ப்போம். ஒவ்வொரு மேலொலிக்கும் கம்பியின் மேல் அசையாத புள்ளிகள் உண்டு. கம்பி நீளத்தில் கால் பங்கில் நான்காம் மேலொலி அசையாது. சரியாக அந்த இடத்தில் பிக்கப்பை வைத்தால், திறந்த கம்பியில் நான்காம் மேலொலி அதன் காதில் விழாது. குதிரையை நெருங்க நெருங்க, முக்கியமான மேலொலிகள் எதுவும் இப்படி விட்டுப்போவதில்லை. அதேசமயம் கீழ்ஒலியின் வலுவும் குறைகிறது. ஆகவே அங்கே வைத்த பிக்கப்பில் குரல் மெலிந்து கூர்மையாகிறது. கிதார்க்காரர்கள் இந்தக் குரலை 'ட்வாங்' என்பார்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒற்றைச் சுருள் பிக்கப் சுற்றியுள்ள மின்கம்பிகளின் முனகலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த 'ம்ம்ம்' சத்தம் பலருக்கும் பழக்கம். கிப்ஸன் நிறுவனத்தின் செத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இந்த முனகலை அடக்கினார். 1957 முதல் அது கிதார்களில் வந்தது. முனகல் போனதோடு கூர்மையிலும் கொஞ்சம் போயிற்று. குரல் தடித்துவிட்டது. மணிநாதம் வேண்டியவர்கள் பெரும்பாலும் முனகலைப் பொறுத்துக்கொண்டு ஒற்றைச் சுருளிலேயே நின்றார்கள்.

லக்னோக்காரர் வாங்கித் தந்த சிவப்புக் கிதார்

இங்கிலாந்தில் அந்த நாட்களில் அமெரிக்கக் கிதார் கிடைப்பது அரிது. 1959-ல் பாடகர் க்ளிஃப் ரிச்சர்ட், தம்முடன் வாசித்த ஹாங்க் மார்வினுக்காக அமெரிக்காவிலிருந்து சிவப்பு நிற 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' ஒன்றை வரவழைத்தார். க்ளிஃப் ரிச்சர்ட் 1940-ல் நம் லக்னோவில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1948-ல் அவர் குடும்பம் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. மார்வினின் 'ஷேடோஸ்' குழு 1960-ல் வெளியிட்ட 'அப்பாச்சி' என்ற வாத்திய இசை பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஒரு தலைமுறைப் பையன்கள் அதைக் கேட்டுத்தான் கிதார் எடுத்தார்கள்.

அவர்கள் வாசித்த ஆம்ப்ளிஃபயர் 'வாக்ஸ்'. கென்ட் மாவட்டத்து டார்ட்ஃபர்டில் டாம் ஜென்னிங்ஸ் நடத்திய நிறுவனத்தில் டிக் டென்னி வடிவமைத்தது. 15 வாட் போதவில்லை என்றதும் 30 வாட்டில் 'ஏசி30' வந்தது. உள்ளே நான்கு இஎல்84 வால்வுகள். பழைய வால்வு ரேடியோ வைத்திருந்த நம் பெரியவர்களுக்கு இந்தப் பெயர் பரிச்சயமாக இருக்கும். ஆனாலும் மேலொலி இன்னும் வேண்டும் என்று கலைஞர்கள் கேட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் 'டாப் பூஸ்ட்' என்ற கூடுதல் மின்சுற்றைச் செய்து, முதலில் பெட்டியின் பின்புறத்தில் ஒட்டுச் சாமானாகப் பொருத்தினார்கள். பிறகு அது ஏசி30-ன் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1962-ல் பீட்டில்ஸ் குழுவும் வாக்ஸுக்கு மாறியது.

பன்னிரண்டு கம்பிகள்

இப்போது கதை மறுபடி ரிக்கன்பேக்கர் நிறுவனத்துக்குத் திரும்புகிறது. 1953-ல் அது எஃப்.சி. ஹால் என்பவர் கைக்கு மாறியிருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த ரோஜர் ராஸ்மைசல் அங்கே உள்ளே குடைந்த உடல்கொண்ட அழகிய கிதார்களை வடிவமைத்தார். 1963-ல் அந்த வரிசையில் பன்னிரண்டு கம்பி மின்கிதாரைச் செய்துபார்த்தார்கள்.

பன்னிரண்டு கம்பி என்றால் ஆறு ஜோடிகள். மேலுள்ள இரண்டு ஜோடிகளில் இரு கம்பிகளும் ஒரே சுருதி. கீழுள்ள நான்கு ஜோடிகளில் ஒன்று மந்திரம் என்றால் மற்றது அதற்கு மேல் ஸ்தாயி. இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்றாம் ஜோடியின் மெல்லிய கம்பி 392 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கிதாரின் முதல் கம்பியோ 330 ஹெர்ட்ஸ்தான். அதாவது எல்லாவற்றுக்கும் உச்சமான குரல் கருவியின் நடுவில் ஒளிந்திருக்கிறது! அந்தக் கம்பிதான் அடிக்கடி அறுந்தும் போகும்.

ஒரே சுருதியில் வைத்த இரு கம்பிகள் மயிரிழை விலகினாலும் ஒலி அலை அலையாக மினுங்கும். 330-க்கும் 331-க்கும் இடையே வினாடிக்கு ஒரு அலை. இந்த மினுமினுப்புத்தான் பன்னிரண்டு கம்பியின் உயிர். ரிக்கன்பேக்கர் இதில் ஒரு சின்ன மாற்றமும் செய்தது. மற்றவர்களின் பன்னிரண்டு கம்பிக் கிதாரில் மேலிருந்து கீழே மீட்டும்போது மெல்லிய கம்பி முதலில் ஒலிக்கும். இதில் தடித்த கம்பி முதலில், மெல்லியது பின்னால். அடிக்குரலும் எடுபட்டது, மணியும் கேட்டது.

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் நியூயார்க் வந்தபோது ஹால் இந்தக் கிதாரைக் கொண்டுபோய்க் காட்டினார். ஜார்ஜ் ஹாரிசன் உடல்நலமில்லாமல் ஓட்டல் அறையில் இருந்தார். அங்கேயே அதை வாசித்துப் பார்த்தார், கிதார் அவருடையதாயிற்று. அந்த வகையில் செய்யப்பட்ட இரண்டாவது கிதார் அது. அதே ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பதிவான 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாடலின் தொடக்கத்தில் ஒரே ஒரு கணம் ஒலிக்கும் அந்தப் பெருநாதத்தை உலகமே கேட்டது. அதில் என்னென்ன ஸ்வரங்கள் என்று நாற்பது ஆண்டுகள் சண்டை போட்டார்கள். 2004-ல் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரவுன் அந்த ஒலியைக் கணித முறையில் பகுத்துப் பார்த்து, அதில் பியானோவும் கலந்திருக்கிறது என்று காட்டினார். கிதாரின் மணி என்று நாம் நினைத்ததில் பியானோவின் மணியும் சேர்ந்திருந்தது!

அமுக்கினால் பூக்கும் ஒலி

அந்தப் படத்தைப் பார்த்த அமெரிக்க இளைஞர்களில் ஒருவர் ரோஜர் மெக்கின். சிகாகோவில் நாட்டுப்புற இசையும் பேஞ்சோவும் பயின்றவர். அவரும் ஒரு ரிக்கன்பேக்கர் பன்னிரண்டு கம்பி வாங்கினார். 1965 ஜனவரி 20-ல் அவருடைய 'பேர்ட்ஸ்' குழு பாப் டிலனின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாடலைப் பதிவு செய்தது. ஜூன் மாதம் அது அமெரிக்காவில் முதலிடம்.

அந்தக் குழுவின் பதிவுகளில்தான் கடைசிக் கண்ணி சேர்ந்தது: 'கம்ப்ரஸர்'. ஃப்ரிட்ஜில் இருப்பது அல்ல. ஒலியின் உச்சத்தை அமுக்கி, தாழ்வை உயர்த்தும் ஒலிப்பதிவுக் கருவி. கம்பியை மீட்டியதும் எழும் அடியை அது அமுக்கும். பிறகு ஒலி தேயத் தேய, அமுக்கத்தைத் தளர்த்திக்கொண்டே வரும். கேட்பவர் காதுக்கு ஒலி தேயாமல் நீள்வதுபோல் தோன்றும். மணியின் ரீங்காரமே அதுதானே? மின்கிதாருக்குச் சீக்கிரம் சாகும் குரல் என்ற குறை இதனால் நீங்கியது. மேலே சொன்ன மூன்றும், அதாவது கூர்மை, மேலொலி, நீளம், ஒன்றுசேர்ந்தன.

அப்போ இதில் நம் பங்கு எது?

இப்போது ஆண்டுகளை வரிசைப்படுத்துவோம். பிக்கப் 1931. டெலிகாஸ்டர் 1950. பன்னிரண்டு கம்பியின் பெருநாதம் 1964 ஏப்ரல். ஹாரிசன் சிதாரை முதலில் பார்த்தது 1965-ல். பண்டிட் ரவிசங்கரைச் சந்தித்தது 1966-ல். மெக்கின் ரவிசங்கரின் இசையில் ஊறிப் பதிவுசெய்த 'எய்ட் மைல்ஸ் ஹை' வெளியானதும் 1966-ல். ஆகவே மணிநாதம் முதலில், இந்திய இசையின் தாக்கம் பின்னால். "தம்பூராவிலிருந்து போனது" என்ற பேச்சு நிற்காது. பிறர் உழைப்பை நம் கணக்கில் எழுதிக்கொள்வது பெருமையல்ல.

ஆனால் நம்முடையது என்று சொல்லத் தகுந்த ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. திருச்சியில் 1888-ல் பிறந்த சி.வி. இராமன், 1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனார். பிழைப்புக்காக வெளி மாநிலம் போன தமிழர்தான் அவரும்! ஆபீஸ் நேரம் போக, பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். ஒளிச்சிதறலுக்குப் புகழ்பெறும் முன் அவர் மூழ்கியிருந்தது ஒலியில். மிருதங்கம், தபலா, வயலின் எதையும் விடவில்லை. 1921-ல் வீணையையும் தம்பூராவையும் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்.

அதில் அவர் காட்டியது இதுதான். கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தை அசையாப் புள்ளியாகக் கொண்ட மேலொலிகள் எழக்கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. நம் வீணையும் தம்பூராவும் அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை! எழக்கூடாத மேலொலிகளும் பலமாக எழுகின்றன. காரணம் குதிரை. அது கத்திமுனை போல் கூர்மையாக இல்லை. அகலமாக, மெல்லிய வளைவோடு இருக்கிறது. தம்பூராவில் ஜீவா என்ற நூலையும் கம்பிக்கடியில் செருகுகிறோம். அதிரும் கம்பி குதிரையின் பரப்பை உரசி உரசி விலகுவதால் புதுப்புது மேலொலிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன.

இங்கேதான் இரண்டு மரபுகளும் பிரிகின்றன. கிதாரின் குதிரை கூர்மையானது, விதிக்குக் கட்டுப்பட்டது. எங்கே மீட்டுகிறாய், எங்கே பிக்கப் வைக்கிறாய் என்பதெல்லாம் அதனால்தான் அங்கே தலையாய கேள்விகள். கம்பியில் பிறந்த மேலொலிகளை வழியில் தொலைக்காமல் காதுவரை கொண்டுசேர்ப்பதே கிதார்க்காரரின் பாடு. தம்பூரா செய்தவரோ குதிரையிலேயே மேலொலிகளை விளைவித்துவிட்டார். ஒருவர் சேமிப்பவர், மற்றவர் விளைவிப்பவர். நம் குதிரை கிதார் உலகுக்குப் போனது 1967-ல்தான். டேன்எலெக்ட்ரோ நிறுவனம் 'கோரல் சிதார்' என்ற மின்கருவியில், கம்பி உரசும்படி தட்டையான குதிரை வைத்தது.

பிள்ளை கேட்கும் பெற்றோருக்கு

இந்த வரலாற்றில் வீட்டுச் செலவுக்கான பாடமும் இருக்கிறது. கருவியின் பெயர்ப்பலகையில் மணிநாதம் இல்லை. 1983-ல் மான்செஸ்டரின் 'ஸ்மித்ஸ்' குழு வெளியிட்ட 'திஸ் சார்மிங் மேன்' பாடலைக் கேட்டவர்கள் ரிக்கன்பேக்கர் என்றே நினைத்தார்கள். ஜானி மார் அதில் வாசித்தது டெலிகாஸ்டர். அதன்மேல் பல பதிவுகளை அடுக்கியிருந்தார்.

ஆகவே "புதுக் கிதார் வாங்கிக் கொடு" என்று பிள்ளை கேட்டால், முதலில் இவற்றைச் செய்து பாருங்கள். கம்பி பழையதா? விரல் அழுக்கும் துருவும் ஏறிய கம்பியில் மேலொலி செத்துவிடும், புதுக்கம்பி மாற்றுங்கள். குதிரைப் பக்க பிக்கப்புக்கு மாற்றி, கையையும் குதிரைப் பக்கம் நகர்த்தி மீட்டச் சொல்லுங்கள். கேபிள் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். சாதாரண கிதார் கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் கொண்டது. ஆறு மீட்டர் கேபிளை மூன்று மீட்டராகக் குறைத்தாலே, ஒற்றைச் சுருள் பிக்கப்பின் ஒலி தூக்கலாக நிற்கும் உச்சி ஏறக்குறைய 3,800 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் நகரும். காதுக்கே தெரியும். கிதாரில் வால்யூமைக் குறைத்தால் பளிச்சும் குறைவது சகஜம்; திருகில் ஒரு சின்ன கெபாசிட்டர் வைத்தால் அது சரியாகும். ரேடியோ ரிப்பேர் தெரிந்தவர் பத்து நிமிஷத்தில் வைத்துத் தருவார். ஆம்ப்ளிஃபயரில் 'கெயின்' குறைவாக இருக்கட்டும். அது ஏறினால் கரகரப்பு ஏறும், மணி இறங்கும். கடைசியாக, சுருதி. சுருதி சேராத கிதாரில் மணிநாதம் தேடுவது வீண். நம் வீட்டுத் தம்பூராவுக்குச் சொன்ன அதே பாடம்தான்.

இவ்வளவும் செய்தபின் புதுக் கிதார் வேண்டுமா என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். அதற்குள் அதற்குக் காது வந்திருக்கும்.

மணிநாதத்தை உருவாக்கியவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஹவாய் இசையை வாசித்த அமெரிக்கர், சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், ஜெர்மனியிலிருந்து வந்தவர், கிதார் வாசிக்கத் தெரியாத ரேடியோ மெக்கானிக், லக்னோவில் பிறந்த பாடகர் வரவழைத்த கிதார். பாதிப்பேர் பிறந்த மண்ணில் இல்லை. கல்கத்தாவில் மாலை நேரங்களில் தம்பூராக் கம்பியை ஆராய்ந்த திருச்சிக்காரரும் அப்படியே. இராமனின் கட்டுரையைப் படித்துத்தான் அமெரிக்கர்கள் மின்கிதார் செய்தார்கள் என்று நாளை யாராவது மேடையில் சொன்னால், தயவுசெய்து கைதட்டாதீர்கள். ஆனால் உங்கள் பிள்ளை கிதாரை எடுத்து மீட்டும்போது, "இந்தக் கம்பி ஏன் இப்படி ஒலிக்கிறது?" என்று கேட்டால், பதில் சொல்ல இராமனிலிருந்து தொடங்கலாம். அதற்கு நமக்கு முழு உரிமை உண்டு.